காகிதத்தில் ஒரு சொட்டு

"கிலோமீட்டர் ஆகலைன்னு சொல்றீங்க. சரி. ஆயில் என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா தம்பி?" என்றபடியே அண்ணன் என் காரின் டிப் ஸ்டிக்கை உருவினார்.

மந்தாரக்குப்பம் சாலையோரத்துத் தகர ஷெட். அண்ணன் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். பெரிய இயந்திரத்தில் ஒரு பக்கெட்டின் கொள்ளளவே 1,400 லிட்டர். அது நின்றால் பின்னால் ஓடும் கன்வேயரும் வெறுமனே கிடக்கும். சும்மா சும்மா கியர் பாக்ஸைப் பிரிக்க முடியாது. ஆயிலைத்தான் சாம்பிள் எடுத்துப் பார்க்க வேண்டும். இரும்பு ஏறினால் பல்சக்கரம் தேய்கிறது, செம்பு ஏறினால் புஷ், சிலிக்கன் ஏறினால் மண் உள்ளே புகுந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை மாதிரிதான். அமெரிக்க ரயில்வேயில் 1940களில் டீசல் இன்ஜின்களுக்காகத் தொடங்கிய இந்த முறை, நம்மூர் லோகோ ஷெட்டுகளிலும் உண்டு.

இங்கே லேப் ஏது? வடிதாள் ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, காற்றுப் படாமல் அலமாரியில் வைத்தார். "நாளைக்கு வாங்க." இன்னொரு சொட்டைப் பழைய தோசைக்கல்லில் விட்டார். கல் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி படபடக்குமாம். என்னுடையது புகைந்ததோடு சரி.

ஆயில் கறுத்திருந்ததைக் கண்டு எனக்குக் கவலை. அண்ணன் சிரித்தார். டீசல் வண்டியில் ஊற்றிய சில நாளிலேயே கறுக்கும். கரியை ஆயில் தன்னிடம் இழுத்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நிறத்தைக் காட்டி ஆயில் மாற்றச் சொன்ன எத்தனை பேருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்!

பிரேக் ஆயிலிலும் அவர் கண்ணை நம்புவதில்லை. காற்றின் ஈரத்தைக் குடிக்கும் திரவம் அது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியே போதும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சாக இறங்கும். பேனா போன்ற டெஸ்டரை முக்கினார். சிவப்பு விளக்கு. "இது சுமாரான கணக்குதான். ஆனா ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா விளக்கே வேணாம், மாத்திடுவேன். கடலூர்க் காத்து ஈரக்காத்து."

மறுநாள் வடிதாளை வெளிச்சத்தில் பிடித்தார். நடுவே சாம்பல் வட்டம், விளிம்புவரை சீராகப் பரவியிருந்தது. நடுவில் மட்டும் கரி அடர்ந்து நின்றிருந்தால் ஆயில் ஓய்ந்துவிட்டது. ஓரத்தில் வெளிறிய வளையம் அகன்றிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். உலோகத் துகளையும் மண்ணையும் இந்தத் தாள் காட்டாது என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். செம்மண் பொடி கொட்டியது. சுரங்கத்தில் மேல்மண் சீவும் ஊரில் வேறென்ன கொட்டும்?

பிரேக் ஆயிலும் ஃபில்டரும் மாறின. இன்ஜின் ஆயில் அப்படியே இருந்தது. வடிதாளின் பின்புறம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பில் கம்பியில் குத்தினார். கம்பியில் ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்கு வட்ட வட்டமாகத் தாள்கள்.