எண்பது குதிரையும் ஒரு புல்லுக்கட்டும்

எங்கள் ஊத்துக்கோட்டையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை விழுங்கிய களைப்பில் சிவபெருமான் அங்கே அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பள்ளிகொண்ட பெருமாளை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். பள்ளிகொண்ட ஈஸ்வரனைப் பார்க்க அங்கேதான் போகவேண்டும். அதே போஸில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்தது ஒரு கான்டெஸா.

மாமனாருடைய கார். 1995 மாடல். அவர் காலமான பிறகு மச்சினன், "மாமா, நீங்களே வெச்சுக்குங்க" என்று சாவியைக் கொடுத்தான். பெருந்தன்மை என்று நினைத்தேன். நிறுத்த இடமில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1984-லிருந்து 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் காரின் அச்சு. நீண்ட மூக்கு, பின்னால் ஒரு குடும்பமே குடியேறக்கூடிய டிக்கி. அமெரிக்காக்காரன் 'மஸில் கார்' என்று மார்தட்டுவதற்கு நம் ஊர் பதில் அதுதான். தோற்றத்தில் மட்டும்! ஆரம்பத்தில் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினைப் போட்டு விற்றார்கள். பயில்வானுக்குப் பால்வாடிப் பிள்ளையின் இதயம். பிறகுதான் இசுசுவின் 1817 சி.சி. இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அப்போதும் எண்பத்துச் சொச்சம் குதிரை சக்திதான். இன்றைக்குக் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் ஸ்விஃப்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சீட்டுப் பணம் எண்பதாயிரம் வந்தது. கொட்டகையைப் பார்த்தேன். மகனும் பார்த்தான். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவன். சம்பளம் அவனுக்கு, வண்டி ஆசை எனக்கும் சேர்த்து.

"ப்பா, முதல்ல எக்ஸாஸ்ட். அப்புறம் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர். அப்புறம் அலாய் வீல்" என்று ஒரு பேப்பரில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டினான்.

நான் தகப்பன். புத்தி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு பழைய வியாதி உண்டு. 1980-களில் அப்பா என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வரும்வரை சென்னையின் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். வெயில், புழுதி, வேர்க்கடலை, காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம்... ஐம்பது வயதுக்கு மேலும் அது காதைவிட்டுப் போகவில்லை.

செங்குன்றத்தில் ஒரு பட்டறை. மெக்கானிக் பாய் கான்டெஸாவைச் சுற்றிவந்தார். டயரில் விரல் வைத்தார். பெடலை மூன்று தடவை மிதித்தார். பிறகு மகனின் பட்டியலைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"சார், ஓட வெக்கறது பெரிய மேட்டர் இல்ல. மொதல்ல நிக்க வெப்போம். வீல் சிலிண்டர் கசியுது. பிரேக் ஆயில் காப்பி டிகாஷன் மாதிரி இருக்குது. டயர் பாருங்க, கல்லு!"

"இன்ஜினையே மாத்திட்டா, பாய்? பெரிசா ஒண்ணு..." என்றான் மகன்.

"ஆர்.சி. புக்ல இருக்கறது ஒண்ணு, வண்டில இருக்கறது ஒண்ணுன்னா மாட்டிக்குவ தம்பி."

அவர் சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அடித்துச் சொல்லிவிட்டது.

இவ்வளவு கேட்டும் நான் சொன்ன பதில்: "பிரேக்கை அடுத்த மாசம் பார்த்துக்கலாம் பாய். இப்போதைக்கு மெள்ளத்தானே ஓட்டப்போறோம்?"

மெள்ள ஓட்டுகிறவன் எதற்கடா எக்ஸாஸ்ட் மாற்றுகிறான் என்று பாய் கேட்கவில்லை. வீட்டில் கேட்டாள்.

"ஏங்க, மூணு மாசமா அப்பனும் புள்ளையும் வண்டி வேகமாப் போறதைப் பத்தியே பேசறீங்க. நிக்கறதைப் பத்தி யாராவது பேசினீங்களா?"

"உனக்கு டெக்னிக்கல் விஷயம் தெரியாது" என்றேன்.

நாற்பத்தையாயிரம் செலவானது. சத்தம் பிரமாதம். தெருநாய்கள் குரைக்கக்கூட மறந்து பார்த்தன.

ஒரு ஞாயிறு காலை பெரியபாளையத்தம்மனைக் கும்பிட்டுவிட்டு நானும் மகனும் திரும்பிக்கொண்டிருந்தோம். காலி ரோடு. முள் எண்பதைத் தொட்டது. மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பதிலுக்குச் சிரித்துத் திரும்பினால், முன்னால் ஒரு பாட்டி, தலையில் புல்லுக்கட்டு, பாதி ரோட்டில்!

மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. அப்புறம் பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போய்விட்டது. விட்டு மிதித்தேன். பின்பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி கோணலாக வழுக்கியது. எண்பதில் போகிற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். திடுக்கிட்டு மிதிப்பதற்குள்ளேயே ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல இரண்டு பங்கு போயாகிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் புரிந்தது.

வண்டி நின்றபோது பாட்டி எனக்கு முன்னால் இல்லை. பின்னால் இருந்தாள். அவளைத் தாண்டி முப்பது அடி போய் நின்றிருக்கிறேன்!

இறங்கி ஓடினோம். எனக்குக் கால் நடுங்கியது. மகனுக்கு உதடு. பாட்டி நின்ற இடத்திலேயே நின்றாள். கட்டு மட்டும் கீழே விழுந்து சிதறிக் கிடந்தது.

"இன்னா நைனா இவ்ளோ சத்தம்! அத்தக் கேட்டுத்தான் நான் நின்னுக்கினேன். இல்லாங்காட்டி உன் காரு நின்னுருக்குமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பனும் பிள்ளையும் குனிந்து ரோட்டில் கிடந்த புல்லைப் பொறுக்கினோம். கட்டித் தூக்கி அவள் தலையில் வைத்தோம். பணம் நீட்டினேன். "புல்லு எங்கியும் போவல. பணம் இன்னாத்துக்கு?" என்று போய்விட்டாள்.

பாட்டி நின்றாள். கார் நிற்கவில்லை. அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். அவள் காது கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வீடுவரை இருபதில் உருட்டிக்கொண்டு வந்தோம். மகன் பேசவே இல்லை. இறங்கியதும் தூணில் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்தான். புதிதாக எழுதினான்: ஒன்று, பிரேக். இரண்டு, டயர். மூன்று, ஷாக் அப்சார்பர், புஷ். நாலு, ரேடியேட்டர். ஐந்து, இன்ஜின் கம்ப்ரெஷன் பார்ப்பது. 'வேகம்' என்று எதுவும் இல்லை.

மிச்சம் முப்பத்தையாயிரத்தை அப்படியே பாயிடம் கொடுத்தேன். அவர் "நான் அப்பவே..." என்று ஆரம்பிக்கவில்லை. அது இன்னும் வலித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுமாம். ஈரம் ஏறினால் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பஞ்சுதான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 2211. அதாவது 2011-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரம் பிறந்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகிவிடும். மனிதனைப்போலவே, கெட்டியாகிவிடும்.

நான் மட்டும்தான் முட்டாள் என்று வருந்தவேண்டியதில்லை. 1964-ல் அமெரிக்காவில் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தது. 325 குதிரை சக்தி. நாலு சக்கரத்திலும் வெறும் டிரம் பிரேக்! முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-ல்தான் வந்தது, அதுவும் கேட்டு வாங்கினால்தான். எல்லா தேசத்திலும் அப்பன்கள் முதலில் சத்தத்தைத்தான் வாங்குகிறார்கள்.

இப்போது வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது. முதல் நாள் ஓட்டிக்காட்ட மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையோடு சாவியைத் திருகினேன். 'டக்' என்றது. மறுபடி 'டக்'.

அவள் சீட்பெல்ட்டைக் கழற்றியபடியே சொன்னாள்:

"நிக்கறது நல்லா வந்துடுச்சுங்க. அடுத்த சீட்டு விழுந்ததும் கிளம்பறதுக்கு ஏதாவது பண்ணுங்க!"

தூணில் ஆறாவதாக எழுதிவிட்டேன்: பேட்டரி.