வாடகை வண்டியும் ஓர் அமானிதமே



நமீபியாவிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது, சந்தித்தவர்கள் அனைவரும் முதலில் கேட்டது, "சிங்கத்தைக் கண்டீர்களா?" என்பதுதான். கண்டோம், அல்ஹம்துலில்லாஹ். யானைக் கூட்டங்களையும், ஒட்டகச்சிவிங்கிகளையும், இரவின் அமைதியில் நீரருந்த வந்த காண்டாமிருகத்தையும் கண்டோம். ஆயினும் அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் எங்கள் உள்ளத்தில் முதலில் வந்து நிற்பது ஒரு டயர். அதைப் பற்றித்தான் இங்கு எழுத விழைகிறோம்.

நமீபியாவின் வடபகுதியில் உள்ள எட்டோஷா தேசியப் பூங்கா, 1907ஆம் ஆண்டு ஜெர்மானியக் குடியேற்ற ஆட்சியின்போது வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் நடுவே ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வெண்மையான உப்புத் தரை விரிந்து கிடக்கிறது. மழையற்ற குளிர்காலமாகிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காட்டின் நடுவே நீர் வற்றிவிடும். அப்போது விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். வருவோர் தாமே வண்டியை ஓட்டிச் சென்று நீர்நிலையருகே நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். வழிகாட்டியின் அவசரமின்றிப் பிள்ளைகளுடன் பொறுமையாகப் பார்க்கலாம் என்பதாலேயே இந்த முறையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

தலைநகர் விண்ட்ஹோக்கில் ஒரு நிறுவனத்திடம் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி. கூரையின்மேல் மடித்து வைத்த கூடாரம், பின்புறத்தில் சிறு குளிர்பெட்டி, அடுப்பு, பாத்திரங்கள், காற்றடிக்கும் கருவி, ஜாக்கி, இவற்றுடன் இரண்டு ஸ்டெப்னிச் சக்கரங்கள். அங்கும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது பெரும் ஆறுதல். நிறுவனத்தின் பணியாளர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செலவிட்டு ஒவ்வொன்றையும் விளக்கினார். சரளைச் சாலையில் டயரின் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், தார்ச் சாலைக்கு வந்ததும் எவ்வளவு நிரப்ப வேண்டும், கூரையில் பாரம் இருப்பதால் வளைவுகளில் வேகம் எவ்வளவு ஆபத்தானது என்றெல்லாம் சொன்னார். சரளையில் வேகமாகச் சென்று திடீரெனத் திருப்பினால் இத்தகைய உயரமான வண்டி உருண்டுவிடும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

ஒப்பந்தத்தில் காப்பீடு பற்றிய பக்கத்திற்கு வந்தபோது சற்றுத் தயங்கினோம். வாடகையுடன் சேர்ந்தே வரும் அடிப்படைக் காப்பை நாம் விலக்க இயலாது. டயருக்கும் கண்ணாடிக்கும் கூடுதல் பணம் கட்டினால் தனிக் காப்பு உண்டு என்றனர். அதை வேண்டாம் என்றோம். காப்பீடு பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை எண்ணித்தான் மறுத்தோம் என்று அன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதில் இருந்தது. எது முந்தியது என்பதை அல்லாஹ்வே அறிவான். எப்படியாயினும், டயருக்கு நேரும் சேதம் முழுவதும் எங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்த இடத்தில் கையொப்பமிட்டோம். பயண துஆவை ஓதிவிட்டுப் புறப்பட்டோம்.

வடக்கு நோக்கி நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, மாலையில் பூங்காவின் ஒகவ்குவேயோ முகாமை அடைந்தோம். அங்கு தங்கியது இரண்டு இரவுகளே. எங்கள் குடும்பம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. நான்கு நாட்களுக்குக் குறைவாகவே தங்குவதாக எண்ணியிருந்தமையால் கஸ்ராகச் சுருக்கியும், ஜம்உவாகச் சேர்த்தும் தொழும் சலுகை எங்களுக்கு இருந்தது. இந்தச் சலுகையின் அருமை அங்குதான் எங்களுக்கு விளங்கிற்று. பூங்காவுக்குள் வேலியிட்ட முகாம்களிலும் ஒருசில ஓய்விடங்களிலும் அல்லாது வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. சூரியன் மறையுமுன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. இவை பூங்காவின் சட்டங்கள். புல்லுக்குள் சிங்கம் படுத்திருப்பது பத்தடி தொலைவிலும் தெரியாது என்பதை நேரில் கண்டபோது, அச்சட்டங்கள் எதற்காக என்பது பிள்ளைகளுக்கும் புரிந்தது.

இரண்டாம் நாள் நண்பகலில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஹலாலி முகாமுக்குச் சென்றோம். பெயரைப் பலகையில் படித்ததும் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. "ஹலாலான உணவு கிடைக்கும் இடமா, உம்மா?" என்று மகள் கேட்டாள். அது அரபுச் சொல் அன்று; வேட்டை முடிந்தது என்பதை அறிவிக்க ஜெர்மானியர் ஊதிய கொம்பொலியின் பெயர் என்று அறிந்து வியந்தோம். அங்கு மொபானி மரங்களின் நிழலில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். நண்பகலில் சூரியன் வடக்கே நின்றது. ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய பிள்ளைகள், வடக்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாய்ந்து நின்று தொழுததை இன்றும் பேசுகின்றனர். திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயமாகிய அல்அன்ஆம், விலங்குகளையும் பறவைகளையும் சமுதாயங்கள் என்ற சொல்லால் குறிப்பிடுவதை அன்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். சாலையைக் கடந்த வரிக்குதிரைகளின் நீண்ட வரிசைக்கு வழிவிட்டு நின்றபோது அச்சொல்லின் பொருள் கண்முன்னே நடந்து சென்றது.

திரும்பும் வழியில் ரீட்ஃபொன்டைன் என்னும் நீர்நிலையில் யானைக் கூட்டமொன்று வந்தது. குட்டிகள் நீரில் புரள்வதைப் பார்த்தவாறே நேரத்தை மறந்தோம். கடிகாரத்தைப் பார்த்தபோது, 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சூரியன் மறையுமுன் முகாமை அடைய இயலாது என்பது தெரிந்தது. அங்கேதான் நாங்கள் தவறினோம். வேகமானியின் முள் எழுபதைத் தாண்டி எண்பதை நெருங்கியது. எதிரே வந்த வண்டிக்கு வழிவிடும்போது வேகத்தைக் குறைக்காமலேயே சாலையின் ஓரத்திற்கு ஒதுங்கினோம். கூரிய சுண்ணக்கற்கள் கிடந்த ஓரம் அது. சிறிது தொலைவுக்குள் வண்டி ஒருபுறம் இழுத்தது. பின்சக்கரம் பஞ்சர்.

இறங்கக் கூடாத இடம்; இறங்காமல் தீராத நிலை. பின்னால் வந்த முதிய தம்பதியர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தங்கள் வண்டியை எங்கள் வண்டிக்கு இணையாக நிறுத்தினர். ஒருவர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமுமாகத் தொலைநோக்கியால் புல்வெளியைக் கவனித்துக்கொண்டனர். பிள்ளைகளை உள்ளே அமர்த்திக் கதவுகளைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம். சரளையில் ஜாக்கி புதையாதிருக்க அடியில் பலகை வைத்து, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி முடிக்க அரை மணி நேரமாயிற்று. நாவில் துஆவைத் தவிர வேறு சொல் இல்லை. அந்த ஸ்டெப்னியில் காற்று சரியான அளவில் இருந்தது. டயரும் நல்ல டயர்.

மீண்டும் புறப்பட்டபோது பதின்மூன்று வயது மகன் கேட்டான்: "வாப்பா, அந்த ஸ்டெப்னி கெட்டுப்போயிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?" எங்களிடம் விடை இல்லை. சூரியன் மறைந்த பின்னரே முகாமை அடைந்தோம். வாயிற்காவலர் கடிந்துகொண்டுதான் உள்ளே விட்டார். எங்களுக்காக நின்ற அந்த முதியவர்களும் எங்களுடன் சேர்ந்து அந்தக் கடிந்துரையைக் கேட்க நேர்ந்ததுதான் எங்களுக்குப் பெரிதும் வெட்கமாயிற்று.

மறுநாள் பூங்காவைவிட்டு வெளியேறி, தெற்கே உள்ள அவுட்ஜோ என்னும் சிற்றூரில் டயர் கடையொன்றில் அதைக் காட்டினோம். வண்டியின் உட்புறம் நோக்கியிருந்த டயரின் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு வெட்டு. கடைக்காரர் உள்ளிருந்து ஒட்டுப்போட்டுக் காற்றை நிற்க வைத்தார். "இது காற்றைத் தாங்கும். ஆனால் இதை நம்பிச் சரளைச் சாலையில் செல்லாதீர்கள், பக்கச் சுவர் வெட்டுண்டால் அது டயரே அல்ல" என்றார். அதைப் பழைய ஸ்டெப்னியின் இடத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டு விண்ட்ஹோக் வந்து சேர்ந்தோம்.

நிறுவனத்தின் பணியாளர் வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், கூடாரத்தை விரித்துப் பார்த்தார், தட்டுகளையும் கரண்டிகளையும் எண்ணினார். ஸ்டெப்னிகள் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். இரண்டிலும் காற்று இருந்தது. வெட்டுண்ட பக்கம் கண்ணுக்குத் தெரியாதவாறு உட்புறம் திரும்பியிருந்தது. அப்படி வைத்தது தற்செயலா என்று கேட்டால், ஆம் என்று உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. "குறை எதுவும் இல்லை" என்று எழுதி, கையொப்பமிடுமாறு படிவத்தை நீட்டினார். அன்றிரவே விமானம். கடன் அட்டையில் பிடித்து வைத்திருந்த முன்பணம் முழுவதும் திரும்பிவிடும். எங்களில் எவரும் பேசவில்லை.

மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அதை விற்றவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். அந்த வணிகர் வேறு யாரோ என்றே அதுவரை எண்ணியிருந்தோம். பேனாவைக் கையில் எடுத்தபோது, மகன் கேட்ட கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு முன் அந்த வண்டியை எடுத்த குடும்பம் எது என்று நாங்கள் அறியோம். அவர்கள் நல்ல ஸ்டெப்னியை விட்டுச் சென்றதால்தான் அன்று நாங்கள் முகாமை அடைந்தோம். நாளை இவ்வண்டியை எடுக்கும் குடும்பத்துக்கு நாங்கள் விட்டுச் செல்வது என்ன?

உண்மையைச் சொன்னோம். பணியாளர் சக்கரத்தை இறக்கித் திருப்பிப் பார்த்தார். சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி இட்டார். எப்படி நேர்ந்தது என்று கேட்டார். வேக வரம்பை மீறிச் சென்றதையும் சொன்னோம். அவர் பாராட்டவும் இல்லை, சினக்கவும் இல்லை. முன்பணத்தில் ஒரு புதிய டயரின் முழு விலையையும் கழித்துக்கொண்டு ரசீதைத் தந்தார். ஊருக்கு வாங்கிச் செல்ல எண்ணியிருந்த பொருட்கள் பலவற்றை வாங்க இயலாமல் போயிற்று. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பின்னர் ஊரில் ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'இஜாரா' எனப்படும் வாடகைச் சட்டத்தை அவர் விளக்கினார். வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவரின் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறாமலும் கவனக்குறைவின்றியும் இருக்கையில் அது கெட்டுப்போனால் அவர்மீது குற்றமில்லை. வரம்பு மீறினால் ஈடுகட்டுவது அவர் கடமை. எங்கள் வேகமானியின் முள் எங்கே நின்றது என்பதை அல்லாஹ்வும் நாங்களுமே அறிவோம். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்படாதிருந்தாலும் அந்த டயர் எங்கள்மீது கடன்தான்.

இத்தகைய பயணம் மேற்கொள்ள எண்ணும் சகோதர சகோதரிகளுக்குச் சில சொற்கள். வண்டியைப் பெறும்போதே ஸ்டெப்னிகளைக் கீழே இறக்கி இருபுறமும் திருப்பிப் பாருங்கள். ஜாக்கியை அங்கேயே ஒருமுறை இயக்கிப் பழகுங்கள். ஒப்பந்தத்தில் எவை காப்பில் அடங்கா என்ற பகுதியை முழுமையாகப் படியுங்கள். விண்ட்ஹோக்கில் வாங்கிச் செல்லும் ஹலால் இறைச்சியைப் பூங்காவிலேயே சமைத்து முடித்துவிடுங்கள். கால்நடை நோய்த் தடுப்புக்காக வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சியைக் கொண்டுவர அனுமதியில்லை. மாலையில் எந்த விலங்கு வந்தாலும், முகாமுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே புறப்பட்டுவிடுங்கள். வண்டியைத் திருப்பித் தரும்போது, அடுத்து அதில் ஏறப்போகும் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

நம் கைக்கு வந்த அமானிதங்கள் அனைத்தையும், யாரும் காணாத பக்கத்திலும் பழுதின்றித் திருப்பி ஒப்படைப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.