கடப்பாரைக்கு அஞ்சாத பூமி

பாலைவனம் என்றால் மணல். மணல் என்றால் ஒட்டகம். சித்திரப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குமேல் பாலைவன ஞானம் கிடையாது. ஆகையால் ஜோத்பூரில் ஜீப் வண்டி ஏறி வடமேற்கே பிரயாணம் புறப்பட்டபோது, சாலையின் இருபுறத்திலும் மணல் மலைகளையே எதிர்பார்த்துக்கொண்டு போனோம். ஓசியான் கோயில்களுக்குப் பக்கத்தில் அந்த ஆசை ஒருவாறு நிறைவேறிற்று. ஆனால் பலோடியைத் தாண்டி, பாப் என்னும் சிற்றூரை நெருங்க நெருங்க, மணல் எங்கேயோ ஒதுங்கிப் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கருஞ்சிவப்பான கூழாங்கற்கள் பரவிக் கிடந்தன. ராட்சதன் ஒருவன் ரஸ்தா போடுவதற்கென்று சரளையைக் கொட்டிவிட்டு, தார் வாங்கப் போனவன் திரும்பி வரவேயில்லை போலும் என்று தோன்றிற்று.

இப்பிரதேசத்தின் வெயிலைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி பலோடியில் 51 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணம் பதிவாயிற்று. நல்ல வேளையாக, நாம் போனது தை மாதம்.

இந்தக் கற்களில் பலவற்றின் பூர்வோத்தரம் வெகு விசித்திரமானது. பாப் ஊரைச் சுற்றிலும் உருண்டைப் பாறைகளும் கற்களும் அடங்கிய ஒரு பழைய படிவு இருக்கிறது. சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன்னால் பனிப்பாறைகள் நகர்ந்து வந்தபோது இவற்றைத் தூக்கிவந்து போட்டன என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் தீர்மானித்திருக்கிறார்கள். இந்தியாவிலேயே கடுமையாகக் கொதிக்கும் பூமியில் பனிக்கட்டி சுமந்து வந்த கல்! காலம் செய்யும் வேடிக்கைகளுள் இது ஒன்று. அதற்குப் பிறகு காற்று தன் வேலையைத் தொடங்கிற்று. பொடி மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டு, தூக்க முடியாத கற்களை மட்டும் விட்டு வைத்தது. மேலே நாம் காணும் சரளைத் தளம் அவ்விதம் உண்டானதே.

ஊருக்கு வெளியே ஓரிடத்தில் ‘ணங், ணங்’ என்று சத்தம் கேட்டது. கருமான் பட்டறை என்று நினைத்து வண்டியை நிறுத்தச் சொன்னோம். பட்டறையல்ல, ஒரு கிழவரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் கடப்பாரையால் பூமியை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாத மழைக்கு முன்னால் ஒட்டு இலந்தைக் கன்று வைப்பதற்காகக் குழி தோண்டுகிறார்களாம். குழிக்குள் எட்டிப் பார்த்தோம். மேலே ஒரு சாண் ஆழத்துக்குச் சரளை கலந்த செம்மண். அதன் கீழே இன்னும் ஒரு சாண் ஆழத்தில் வெள்ளைப் பூச்சுப் படிந்த கற்கள். அதற்கும் கீழே சுண்ணாம்புத் தளம் போட்ட மாதிரி, விரல் நுழையவும் இடமில்லாமல் வெள்ளை வெளேரென்று ஒரே பாறை. கடப்பாரை பட்ட இடத்தில் நகக்கீறலைப்போல் ஒரு கோடுதான் விழுந்திருந்தது.

“ஒரு குழிக்கு ஒரு நாள் ஆகிறது, பாபுஜி” என்றார் கிழவர். வண்டியோட்டி மொழி பெயர்த்தார்.

“மேலே இருக்கும் மண்ணிலேயே கன்றை வைத்துவிட்டால் என்ன, பாபா?” என்று கேட்டோம்.

அவர் நம்மைச் சற்றுப் பரிதாபத்துடன் பார்த்தார். முன்னொரு தடவை அப்படித்தான் நாற்பது கன்றுகள் வைத்தாராம். இரண்டு வருஷம் தளதளவென்று வளர்ந்தன. மூன்றாவது வருஷம் வேர் இந்தத் தளத்தைத் தொட்டது. கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பிப் பாய் முடைந்ததைப்போல் சுற்றிக்கொண்டது. அந்தக் கோடையில் நாற்பதும் பட்டுப்போயின. கடன் வாங்கி வாங்கிய கன்றுகள். இந்தத் தடவை பாறையை உடைத்து, அதன் கீழே இருக்கும் இளகிய மண் தெரிந்த பிறகே கன்று வைப்பதென்று சங்கற்பம். இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் குழியில் இறங்கிவிட்டார். பேச்சில் போக்கப் பொழுதில்லை.

இந்த வெள்ளைப் பாறைக்கு வடநாட்டில் ‘கங்கர்’ என்று பெயர். நம் கரிசல் காட்டு விவசாயிகள் ‘சுக்கான் கல்’ என்று சொல்வதன் சகோதரன்தான் இது. அங்கே உருண்டை உருண்டையாகக் கிடப்பது இங்கே பாளமாக இறுகிப் போயிருக்கிறது. சாப்பாட்டு மூட்டையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி, ஒரு துண்டின் மேல் பிழிந்து பார்த்தோம். சொய்யென்று சிறு நுரை கிளம்பிற்று. சுண்ணாம்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கங்கா நதிச் சமவெளியில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட்டதும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்து வடமேற்கே போகும் பெருஞ்சாலைக்குத் தளம் போட்டதும் இந்தக் கங்கரைக் கொண்டுதான்.

இது எப்படி உண்டாகிறது? இங்கே வருஷத்தில் பெய்யும் மழை சுமார் பத்து அங்குலம். அதுவும் ஆடி, ஆவணியில் சில நாட்களில் பெய்து தீர்ந்துவிடும். மழை நீர் மண்ணிலும் காற்றுக் கொண்டுவந்த தூசியிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நம் தேசத்தின் மழை வளம் மிகுந்த சீமைகளில் அந்த நீர் ஆழத்துக்கு இறங்கி, சுண்ணாம்பையும் அடித்துக்கொண்டு போய்விடும். இங்கேயோ ஒரு முழம், ஒன்றரை முழம் இறங்குவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோகிறது. மேலே வெயில் உறிஞ்சுகிறது. சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. முதலில் கூழாங்கற்களின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. பிறகு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளை அடைக்கிறது. எல்லாச் சந்தும் அடைபட்டுவிட்டால், அடுத்து வரும் மழை நீர் அந்தத் தளத்தின் மேலேயே தேங்கி, கொத்தன் சாந்து பூசுவதுபோல் மெல்லிய அடுக்கு அடுக்காகப் பூசி மெருகேற்றுகிறது. ஒரு தளம் இறுகுவதற்குப் பல்லாயிரம் வருஷங்கள் செல்லும். அதைத்தான் கிழவர் ஒரே நாளில் உடைத்தெடுக்க முயல்கிறார்!

இப்படிப்பட்ட நிலத்தில் எந்த மரம்தான் வளரும் என்று வாசகர்கள் கேட்கலாம். ‘கேஜ்டி’ வளர்கிறது. இது வேறொன்றுமல்ல, நம் கோயில்களில் ஸ்தல விருட்சமாக நிற்கும் வன்னி மரமே. தளத்தில் எங்கேயாவது ஒரு வெடிப்பு இருந்தால் அதன் வழியே ஆணிவேரை இறக்கிக்கொள்ளும். 1730-ல் ஜோத்பூருக்கு அருகேயுள்ள கேஜட்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ருதா தேவி முதலிய 363 பிஷ்ணோய்கள் உயிர் கொடுத்தார்கள். கடப்பாரையுடன் மல்லுக்கட்டும் அந்தக் கிழவரைப் பார்த்த பிறகே, ஒரு மரத்துக்கு இவர்கள் கொடுத்த மதிப்பு நமக்கு ஒருவாறு விளங்கிற்று.

மறுநாள் பிகானேர் வழியாக வடக்கே சென்றோம். அங்கே பூமிக்கடியில் வேறொரு தளம் இருக்கிறது. இது ஜிப்ஸம் கலந்த வெள்ளைத் தளம், ‘கடியா’ என்கிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோம், நுரைக்கவில்லை. ஆனால் கங்கரை விடாக்கண்டன் என்று வைதுவிட்டு வந்த நாம், இந்தக் கடியாவுக்குக் கும்பிடு போடவேண்டியதாயிற்று. காரணம் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஆழத்துக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். வாயில் வைக்க முடியாது. மேலே பெய்யும் மழை நீர் மணலில் இறங்கி அந்த உப்பு நீருடன் கலந்துவிட்டால் போயிற்று. கடியாத் தளம் குறுக்கே படுத்துக்கொண்டு அதைத் தடுக்கிறது. மழை நீர் மணலுக்குள் ஈரமாகத் தங்கி நிற்கிறது. மேலே ஓடும் நீருக்குப் ‘பாலர்’, அடியில் உள்ளதற்குப் ‘பாதாளம்’, நடுவில் ஈரமாக நிற்பதற்கு ‘ரேஜாணி’ என்று மூன்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ரேஜாணியைப் பிடிப்பதற்காகத் தோண்டும் சிறு கிணறுதான் ‘குயீ’. ஓர் ஆள் உட்கார்ந்து கொத்துவதற்கு மட்டுமே இடமிருக்கும். சேஜாரோ என்னும் கைதேர்ந்த தொழிலாளி தலையில் உலோகத் தொப்பியுடன் உள்ளே இறங்கித் தோண்டுவான். மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே எறிவார்கள். அதனுடன் குளிர்ந்த காற்று கீழே இறங்கி உஷ்ணக் காற்று மேலே வரும். சரியும் மணலைக் காட்டுப் புல்லால் திரித்த தடித்த கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றித் தடுத்து நிறுத்துவார்கள். கடியாவைத் தொட்டதும் வேலை நிற்கும். அதைத் துளைத்துவிட்டால் எல்லாம் பாழ். சுற்றிலுமுள்ள மணலின் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீர் சேரும். அனுபம் மிஸ்ரா 1995-ல் வெளியிட்ட ஹிந்தி நூலில் இந்தக் குயீக்களை விவரமாக வர்ணித்து, தேசம் முழுவதும் அறியச் செய்தார்.

இனி, இக்கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையிலிருந்து பாலைவனத்துக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் வேலை 1958-ல் ஆரம்பமாயிற்று. ராஜஸ்தான் கால்வாய் என்று முதலில் பெயர். பிற்பாடு இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டினார்கள். ஊட்டுக் கால்வாயையும் சேர்த்து அதன் நீளம் 649 கிலோமீட்டர். சுதந்திர பாரதம் செய்த பெருங்காரியங்களில் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. முள்ளும் மணலுமாயிருந்த இடத்தில் கோதுமையும் கடுகும் விளைவதைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தோம்.

ஆனால் லூண்கரண்சர் பக்கத்தில் போனபோது வேறொரு காட்சி கண்ணில் பட்டது. தாழ்ந்த வயல்களில் நீர் தேங்கி நின்றது. பட்டுப்போன மரங்கள் முழங்காலளவு நீரில் நின்றன. கரையோரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வாய்க்காலிலும் வயலிலும் பாய்ந்த நீர் கீழே இறங்கிப் போயிருந்தால் துன்பமில்லை. குறுக்கே படுத்திருக்கும் தளம் எப்படிப் போகவிடும்? பத்து அங்குல மழைக்கு இரண்டு குடம் நீரைச் சேமித்துக் கொடுத்த அதே தளம், ஆற்றையே கொண்டுவந்து கொட்டியபோது அத்தனையையும் தேக்கி வைத்தது. நீர்மட்டம் வருஷந்தோறும் உயர்ந்து, அடியிலிருந்த உப்பையும் மேலே தூக்கி வந்துவிட்டது. கீழே இப்படி ஒரு தளம் உண்டு என்பது குயீ தோண்டிய சேஜாரோக்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். பிற்பாடு கால்வாய் ஓரங்களில் யூகலிப்டஸ் மரங்களை நட்டு, அவற்றின் வேர்களைக் கொண்டே நீரை உறிஞ்சச் செய்தார்கள். மரம் வளர்ந்த இடங்களில் நீர்மட்டம் இறங்கவும் செய்தது.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டோம். வாசலில் கால்வாய் நீர்க் குழாய் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் குழாயைத் திறக்காமல், ஊர்ப்புறத்துக் குயீக்குப் போய், மூடியின் பூட்டைத் திறந்து, சின்னத் தோல் வாளியால் மொண்டு, துணியில் வடிகட்டிச் செம்பு நிறையக் கொண்டுவந்தாள்.

“குழாய்த் தண்ணீர் மாட்டுக்கும் துணிக்கும், மகனே. வந்தவர்களுக்கு இதுதான்” என்றாள்.

தண்ணீர் குளிர்ச்சியாக, இளநீரைப்போல் இனித்தது. பாதிச் செம்போடு நிறுத்திக்கொண்டோம். மீதியை அவள் கொட்டவில்லை. அப்படியே குடத்தில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள்.