ஏழாம் எண் சாலையில் ஐந்து நாள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். பெண்ணையாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்போம். லுவார் நதி என்றால் தூக்கத்திலும் சொல்வோம். நியேவ்ர் – நெவேர், அலியே – மூலேன், ரோன் – லியோன், த்ரோம் – வலான்ஸ் என்று மாவட்டத்தையும் தலைநகரையும் பாட்டாக ஒப்பிப்போம். தப்பினால் மிசியே கையிலிருக்கும் ரூல்தடி பேசும். எனக்கு அடி விழுந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்த என் நண்பனுக்குத் தினமும் விழும்.

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அவன் சொல்தாவாகி பிரான்சுக்குப் போனான். நான் இங்கே குமாஸ்தா ஆனேன். பாடம் படித்தவன் இங்கே, அடி வாங்கியவன் அங்கே என்று எனக்குள் வெகுநாள் ஒரு புகைச்சல் இருந்தது. இந்த வயதில் மறைக்க என்ன இருக்கிறது?

2012 ஜூனில் மகளைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தேன். நண்பன் போன் செய்தான். "டேய், நாங்க மூணு பழைய வண்டியிலே மந்தோன் வரைக்கும் போறோம். என் வண்டியிலே ஒரு சீட்டு காலி. வா." ஏழாம் எண் தேசியச் சாலை பாரிஸிலிருந்து இத்தாலி எல்லை வரை கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். விரைவுச் சாலை வருமுன் கோடை விடுமுறைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் தெற்கே போன வழி. ஷார்ல் த்ரெனே 1955-இல் அதற்காகப் பாட்டே பாடினார்.

முன்னால் போனது நீல நிற ஆல்பீன் ஏ110. இடுப்பு உயரம்கூட இருக்காது, கண்ணாடி இழை உடம்பு, எஞ்சின் பின்னால். 1973-இல் உலக ராலிப் பட்டத்தை வென்ற வண்டி இதுதான். அடுத்தது ஒரு சிவப்பு ட்ரையம்ப். கடைசியில் நாங்கள், 1967-இல் செய்த, கூரையில்லாத ஓர் ஆங்கிலேய வண்டியில். அதில் உட்காருவது தரையில் சம்மணம் போடுவது மாதிரி. எழுந்திருக்க ஆள் கை கொடுக்க வேண்டும்.

வழியில் ஊர்ப் பலகைகள் வர வர நான் மாவட்டத்தை ஒப்பித்தேன். அவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டான். 2006-இல் இந்தச் சாலையின் பெரும்பகுதியை மாவட்டச் சாலையாக இறக்கிவிட்டார்கள். மைல்கல்லின் சிவப்புத் தலை பல இடங்களில் மஞ்சளாகியிருந்தது.

இரண்டாம் நாள் ருவானைத் தாண்டி மலையேற்றம். வண்டி கொதித்தது. எஞ்சின் சூட்டை இழுக்க ஹீட்டரைப் போட்டான். ஜூன் வெயிலில் காலடியில் அடுப்பு! கடைசியில் மரத்தடியில் நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்தோம்.

அங்கேதான் திடீரென்று கேட்டான்: "எங்கப்பா கடைசியிலே என்னைக் கேட்டாராடா?"

அவர் போனது 1973-இல். அவன் அப்போது ஃப்ரேஜுஸ் ஊர் முகாமில் இருந்தான். தந்தி கிடைத்து ஊர் வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கடைசி வாரம் கூட இருந்தவன் நான்தான். முப்பத்தொன்பது வருஷமாக அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"கேட்டார். பையன் இருக்கிற ஊர் எங்கேன்னு தினமும் கேட்டார். வார் மாவட்டம், தலைநகர் திராகினியான், மத்தியதரைக் கடல் ஓரம்னு மிசியேகிட்ட ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். கடல் இருக்கான்னார். இருக்கு, நம்ம கடல் மாதிரியே அலை அடிக்கும்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டார்."

அவன் எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தலைநகர் துலோன்டா, முட்டாள்" என்றான்.

"துலோனுக்கு மாத்தினது 74-லே. அவர் போனப்ப திராகினியான்தான்."

அழுகையும் சிரிப்புமாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

நான்காம் நாள் மாலை ஃப்ரேஜுஸ். முகாமுக்குப் போவான் என்று நினைத்தேன்; நேரே கடற்கரைக்குப் போனான். கடல் நம் ஊர் ஏரி மாதிரி சும்மா கிடந்தது.

"இதிலே ஏதுடா அலை?" என்றான்.

"புஸ்தகத்திலே அது போடலை" என்றேன்.

கால்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, என்னையும் கூப்பிட்டான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பழைய புகைச்சல் ஞாபகம் வந்தது. அவனுக்கு இந்த ஊர் கிடைத்தது, அவன் அப்பாவின் கடைசி வாரம் எனக்குக் கிடைத்தது. இதில் யாரைப் பார்த்து யார் பொறாமைப்படுவது?

மேலே சாலையில் ஆல்பீன்காரர் ஹாரன் அடித்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.