ஒரு துளி குழாய் ஜலம்

சென்ற வாரம் நம் அண்ணன் மகள் கலாசாலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "உப்பைக் கண்டுபிடி என்கிறார்கள், சித்தப்பா! சமையலறைக்குப் போனால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட மாட்டேனா?" என்று அலுத்துக்கொண்டாள். முதல் வருஷ ரஸாயன மாணவிக்கு ஹாஸ்யம் மிஞ்சியிருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் உப்பு என்றதும் நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விஷயத்தில் நாம் பட்ட அடி அப்படி.

ரஸாயன சாஸ்திரத்தில் உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு மாத்திரமல்ல. பெரும்பாலும் ஓர் உலோகப் பகுதியும் ஓர் அமிலப் பகுதியும் சேர்ந்த எதுவும் உப்பே. பரீட்சையில் பெயரில்லாத வெள்ளைப் பொடியொன்றை விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்துக் கொடுத்துவிடுவார்கள். இரு பகுதிகளும் இன்னவை என்று நாம் சொல்ல வேண்டும்.

நமக்கு வாய்த்த பொடி ஜலத்தில் போட்டவுடன் கரைந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் வெள்ளைப் படிவு விழுந்தது, சுடவைத்தால் மறைந்தது, ஆறவிட்டால் பளபளக்கும் ஊசிகளாகத் திரும்பி வந்தது. ஈயம்! சந்தேகமே இல்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில்தான் விழுந்தோம். சோதனைக் குழாயைக் காய்ச்சி வடித்த ஜலத்தில் கழுவ வேண்டும். அந்த ஜாடியோ மேஜையின் மறு கோடியில் இருந்தது; தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில். குழாய் ஜலத்தில் குளோரைடு கொஞ்சமாவது இருக்கும். கழுவியபின் தங்கிய சில துளிகளே போதுமானவையாயின. நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டதும் பால் போலக் கலங்கிற்று. "ஈய குளோரைடு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மிடுக்காக வெளியே வந்தோம். அது ஈய நைட்ரேட். அந்த வருஷம் நாம் தேறவில்லை. மறு வருஷச் சம்பளத்துக்காகத் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

இத்தனைக்கும் பொடி நம்மிடம் உண்மையை மறைக்கவில்லை. 100 கிராம் குளிர்ந்த ஜலத்தில் ஈய குளோரைடு ஏறக்குறைய 1 கிராம்தான் கரையும். ஈய நைட்ரேட்டோ 20 டிகிரி வெப்பத்தில் 50 கிராமுக்கு மேல். அது கரைந்த வேகமே சாட்சி. மேலும் மெய்யான குளோரைடு உப்பு தயிர்க்கட்டி போலத் திரண்டு விழ வேண்டும். நாம் கண்டதோ நீர்மோர்!

1896-ம் வருஷம் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய், பாதரஸத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விட்டு வைத்திருந்தார். அவர் வேண்டியது மெர்க்குரஸ் நைட்ரேட். எதிர்பாராமல் மஞ்சள் படிகங்கள் தோன்றின. வேண்டாத சரக்கு என்று அவர் அதைக் கொட்டிவிடவில்லை. ஆராய்ந்து, மெர்க்குரஸ் நைட்ரைட் என்று கண்டார். நம்மைப் போன்றவர் பார்த்திருந்தால் அழுக்கு என்று கழுவியிருப்போம், அதுவும் குழாய் ஜலத்தில்.

இதையெல்லாம் கேட்ட பெண் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "முதல் தொகுதியிலேயே பிடிபட்ட ஈயம், ஹைட்ரஜன் ஸல்ஃபைடு விடும் இரண்டாம் தொகுதியில் மறுபடியும் கறுப்பாக வருகிறதே, ஏன் என்று விளங்காமலிருந்தது. கரைந்து தப்பிய அந்த 1 கிராம்தானா?"

"அதுவேதான்" என்றோம்.

சற்று யோசித்துவிட்டு, "வெறும் குழாய் ஜலத்தில் முதலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்திருக்கலாமே, சித்தப்பா?" என்றாள்.

பார்த்திருக்கலாம். அரை நிமிஷ வேலை.