மங்கலாக விழும் வட்டு எழுத்து

மலேசியாவின் செகிஞ்சானில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் இன்னமும் லைட்ஸ்கிரைப் டிரைவ் வைத்திருக்கிறார். தோட்டத்துக் கோயில் திருவிழாவை டிவிடியில் பதித்து, மேல்பக்கத்தில் அம்மன் படத்தையும் லேசரால் பொறித்துக் கொடுப்பார். அண்மையில் பொறித்த படம் தேத்தண்ணிக் கறைபோல வெளிறி விழுந்தது. டிரைவ் போய்விட்டது என்றார்.

டிரைவ் போகவில்லை. எச்.பி. 2004-இல் அறிவித்த இந்த லைட்ஸ்கிரைப் முறையில் மை கிடையாது. வட்டைக் கவிழ்த்துப் போட்டால், 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் பட்டு மேற்பூச்சு கறுக்கிறது. எவ்வளவு சூடு வேண்டும் என்பது வட்டுக்கு வட்டு மாறும். நடுவளையக் குறியீட்டைப் படித்துத்தான் டிரைவ் வட்டை அடையாளம் காண்கிறது. மென்பொருள் பழையதானால் புது வட்டு அதற்குப் பிடிபடாது, எழுத்து வெளிறிவிடும்.

மென்பொருளின் கடைசிப் பதிப்பை நிறுவி, பொறிக்கும் தரத்தை மிக உயர்ந்ததில் வையுங்கள். நேரம் கூடும், பரவாயில்லை. அப்படியும் மங்கல் என்றால் அதே படத்தை அதே வட்டில் மறுபடி பொறியுங்கள். நடுவளையக் குறிகளை வைத்து அதே இடத்தில் இம்மி பிசகாமல் விழும். அண்ணனின் அம்மனுக்குக் கண்ணும் புருவமும் தெளிந்தது இப்படித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பொறித்ததை வெயில் படாமல் உறையில் வையுங்கள்; வெளிச்சத்தில் நிறம் போய்விடும். தோட்டங்கள் மூடி, தொழிலாளர் லயங்கள் இடிந்த பிறகு அந்தத் திருவிழாவைப் பார்க்கப் பல குடும்பங்களுக்கு இந்த வட்டுதான் மிச்சம். உள்ளே இருப்பதை இப்போதே ஹார்ட்டிஸ்கில் நகலெடுத்து விடுங்கள்.