பாக்கெட் போன ஊர்

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. சி நிரலும் லினக்ஸும் ஆகாதவங்க அப்படியே எஸ்கேப் ஆகிடலாம் :-) ஆனா கதையில ஒரு மனுஷனும் இருக்கார், அதனால முடிஞ்சா கடைசி வரை வாங்க.

நம்ம சூரமங்கலத்துலதான் சேலம் ஜங்ஷன். அங்க சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுப்பாங்க இல்லையா, லினக்ஸ் கெர்னலும் அதே கணக்குதான். நெட்வொர்க்ல வர்ற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கே-பஃப்-னு ஒரு ஸ்ட்ரக்சர். அதை யார் யார் பிடிச்சிருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை. எல்லாரும் விட்டு எண்ணிக்கை பூஜ்யமானா இடம் காலியாகும். ஒருத்தன் டோக்கனோட ரயிலேறிட்டா? வண்டி அங்கயே துருப்பிடிக்க வேண்டியதுதான். அதான் லீக். அப்ளிகேஷன்ல லீக்னா புரோகிராமைக் கொன்னாப் போதும், எல்லாம் திரும்பி வந்துடும். கெர்னல்ல லீக்னா ரீபூட் ஒண்ணுதான் வழி.

நான் ஆணி புடுங்குற இடத்துல ஒரு சின்ன ரவுட்டர் பொட்டி. நாமக்கல் தாண்டி ஒரு சைட்டுல மாட்டியிருந்தோம். சரியா 11 நாளைக்கு ஒருதடவை மண்டையைப் போடும். அங்க இருக்குற டெக்னீஷியன் அண்ணன் ரெண்டு பஸ் மாறிப் போய் சுவிட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். நாலாவது தடவை மேலிடத்துல என்ன முடிவு பண்ணாங்கன்னா, அவர் யூபிஎஸ்ஸை ஒழுங்கா பராமரிக்கலையாம். மெமோ ரெடி. அவரோ என்கிட்ட, "ஏந் தம்பி, கரண்டு போனா நாள் கணக்கு வச்சா போகும்?"னு கேட்டார். எனக்கு அதுக்கு மேல ஆதாரம் தேவைப்படலை. அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு. ஒரு வாரம் டைம் வாங்கினேன்.

வீட்டு மாடியில உக்காந்து அந்தப் பொட்டிக்குள்ள லாகின் பண்ணிப் பார்த்தா, வேடிக்கை. மெமரி குறைஞ்சுக்கிட்டே போகுது, ஆனா எந்த புரோகிராமும் தின்னலை. ஸ்லாப்டாப் போட்டாலும் பெரிசா எதுவும் இல்லை. எஸ்கே-பஃப் வரிசை மட்டும் ஊர்ந்து ஊர்ந்து ஏறுது. ஒரு நாளைக்கு 288. ஒண்ணு 256 பைட், 11 நாள் சேர்ந்தாலும் 1 எம்பி கூட வராது. ஆனா காணாமப் போறது 100 எம்பி!

இங்கதான் நான் ரெண்டு நாள் சுத்தினேன். விஷயம் இதுதான்: பாக்கெட்டோட உள்ளடக்கம் ஸ்லாப்ல இருக்கணும்னு இல்லை. வேகத்துக்காக கெர்னல் 32 கேபி துண்டு ஒண்ணு எடுத்து, அதையே பல பாக்கெட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கும். பங்கு வாங்குனவங்க எல்லாரும் திருப்பினாத்தான் அந்தத் துண்டு விடுதலை. ஒரே ஒரு பாக்கெட் தொலைஞ்சா மொத்த 32 கேபியும் முடக்கம். 288-ஐ 32 கேபியால பெருக்குங்க, நாளைக்கு 9 எம்பி. 11 நாள்ல 99. சட்டைல பட்டன் கழண்டதுக்கு சட்டையையே பீரோவுல பூட்டுன கதை.

சரி, யார் தொலைக்கிறது? 2009-ல 2.6.31 கெர்னலோட கே-மெம்-லீக்னு ஒரு சாமான் வந்துச்சு. மெமரி முழுக்கத் தேடி, யாருமே கையில வச்சிருக்காத துண்டுகளைப் பட்டியல் போடும். அருமையான கருவி. ஆனா ஒதுக்கினது யாருன்னுதான் சொல்லும், விடாம போனது யாருன்னு சொல்லாது. பிறந்த ஊரைச் சொல்லும், தொலைஞ்ச ஊரைச் சொல்லாது. அது காட்டினது உள்ளே வாங்குற போர்ட்டோட டிரைவரை. பாவம், அது நிரபராதி.

288-ங்கறது 5 நிமிஷத்துக்கு ஒண்ணு. அந்த சைட்டுல இருந்து வெளிய போறதெல்லாம் மீட்டர் கணக்கு மாதிரி பொடிப்பொடி பாக்கெட். உள்ள இருந்த ஒரு மெஷின் மட்டும் 5 நிமிஷத்துக்கு ஒருதடவை முழுசா 1500 பைட்ல ஒண்ணு அனுப்பி, பாதை தாங்குதான்னு சோதிக்கும். போகலைன்னா சின்னதா அனுப்பிக்கும், அதனால யாருக்கும் குறை தெரியலை. வெளிய போற போர்ட்ல விலேன் டேக் 4 பைட் சேருது. டிரைவர் "அளவு ஜாஸ்தி"னு சொல்லி டிராப் கணக்குல ஒண்ணு கூட்டிட்டு, எல்லாம் ஓகேன்னு திரும்பிடுது. ஓகேன்னு சொன்னா பாக்கெட் இனி டிரைவரோட பொறுப்புன்னு அர்த்தம், கெர்னல் திரும்பிப் பார்க்காது. ஆனா அதை விடுவிக்கற வரியைக் காணோம். டிராப் எண்ணிக்கையையும் எஸ்கே-பஃப் ஏற்றத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஒண்ணுக்கு ஒண்ணு.

டிரைவர் குடுத்த கம்பெனிக்காரன் முதல்ல சொன்ன பதில்: மெமரியைக் கூட்டுங்க. இன்னொரு யோசனை, தினம் ராத்திரி தானா ரீபூட். எனக்கு ரெண்டுமே ஆகாது. மெமரியை ரெட்டிப்பாக்கினா சாவு நாள் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்ளோதான். இது அந்த டிரைவருக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. 2024 அக்டோபர்ல மெயின் லினக்ஸ்லயே சில ஈதர்நெட் டிரைவர்கள்ல இதே சாதிப் பிழைக்கு பேட்ச் போட்டாங்க. அங்க டிஎம்ஏ மேப்பிங் தோத்தா விடுவிக்காம ஓகேன்னு திரும்பினது.

ஒரு வரி சேர்த்தோம். அளவுச் சோதனையில 4 பைட் கூட்டினோம். மெமோவும் வரலை. ஆனா மன்னிப்புன்னு யாரும் அவருக்கு போன் பண்ணலை, அது எனக்கு இன்னும் உறுத்துது.

இருபதாம் நாள் நானே கூப்பிட்டுச் சொன்னேன், "அண்ணே, இன்னும் ஓடுது."

"அப்ப நான் வர வேண்டாமா தம்பி?"

"வேண்டாம்ணே."

"சரி சரி. போற வழில சின்ன வெங்காயம் வாங்கியாருவேன், வீட்டுல கேப்பாங்க. வேற சாக்கு பார்க்கணும்"னு சிரிச்சுக்கிட்டே வச்சுட்டார்.